ஸ்வீடன் படமும் பாமசிக்காரர் கண்ணாடியும்

கண்டியில் எங்கள் திரைப்பட வட்டம், ஞாயிறுதோறும் ஒரு ஸ்வீடன் இயக்குநரின் படங்களைப் போட்டது. தன் நாட்டையே கொதிக்க வைத்தவர். முதல் படத்தில் காதல், அடுத்ததில் கட்டில், அதற்கடுத்ததில் பாதிரியாரையும் விடவில்லை. ஆயுள் முழுக்க சென்சாரோடு மல்லுக்கட்டிய மனுஷன்.

ஒரு படம் விடாமல் வந்து முன்வரிசையில் உட்காருவார் வத்தேகமவில் மருந்துக்கடை நடத்தும் பாமசிக்காரர். உருண்டை முகம், நெற்றி நிறைய விபூதி, தங்க பிரேம் கண்ணாடி. திரையில் ஆடை அவிழத் தொடங்கினால் போதும், கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். காட்சி முடிந்த பிறகுதான் மாட்டுவார்.

ஒருநாள் படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "கூச்சமா இருந்தா ஏங்கய்யா வர்றீங்க?"

"கூச்சமா? இது வாசிக்கிற கண்ணாடி தம்பி. போட்டா திரை மங்கலாத்தான் தெரியும். கழட்டினாத்தான் பளிச்சுன்னு இருக்கு."

"அப்ப எதுக்குப் போட்டுக்கிட்டு வர்றீங்க?"

"பின்னால நம்ம கோயில் தலைவர் உக்காந்திருக்காருல்ல. அவரு பார்க்கக் கழட்டுறதுக்கு ஒன்னு வேணாமா?"

அடுத்த ஞாயிறு, நாயகி சட்டைப் பொத்தானில் கை வைத்ததும் நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கோயில் தலைவர் தன் கண்ணாடியைச் சால்வையால் பக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை.