பட்டுப்புடவையோடு ஏறிய பாறை

எங்கள் ஏரிக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்று உண்டு. உச்சியில் கோயில் கிடையாது. மழை விட்ட பிறகும் சுற்றிலும் உளைச்சேறு கிடக்கும் என்பதால் மாடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு தை மாதக் காலையில் அம்மா என்னை அங்கே கூட்டிப்போனாள். எனக்கு எட்டு வயது.

அன்று சின்ன மாமாவுக்குக் கல்யாணம். என் காதுகுத்தில், முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்று தொடங்கிய பேச்சு முற்றி, அப்பாவும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் முகம் பார்ப்பதை விட்டிருந்தார்கள். யாரும் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா விடிந்ததும் திண்டிவனத்துக்குப் போய்விட்டார். அம்மா தலைக்குக் குளித்தாள், பட்டுப்புடவை கட்டினாள், எனக்கும் பாவாடை கட்டிவிட்டாள். பஸ்ஸுக்குத்தான் போகிறோம் என்று குதித்துக்கொண்டு நடந்தேன். அவள் ஏரிப்பக்கம் திரும்பினாள்.

கோரைப்புல்லைத் தாண்டியதும் என் கால் தொடைவரை உள்ளே போனது. உதற உதற இன்னும் இறங்கியது. அம்மா பட்டுப்புடவையோடு சேற்றில் குப்புறப் படுத்து, என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“ஆடாத. என்னப் புடிச்சிக்கினு இரு.”

வெளியே வந்தபோது இருவரையும் அடையாளம் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று அழுதேன். அவள் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

உச்சியிலிருந்து அவள் பிறந்த ஊர் தெரிந்தது. தாத்தா வீட்டு வாசலை அடைத்துப் போட்டிருந்த பந்தல், தீப்பெட்டி அளவில். ஸ்பீக்கர் பாட்டு காற்றில் விட்டுவிட்டு வந்தது. கெட்டிமேளம் கேட்டதும் அம்மா மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். மஞ்சள் அரிசி. பந்தலைப் பார்த்து வீசினாள். எதிர்க்காற்றில் பாதி எங்கள் தலையிலேயே விழுந்தது.

சாயங்காலம் வந்த அப்பா, கிணற்றடியில் சேறு காய்ந்து கிடந்த பட்டுப்புடவையைப் பார்த்து நின்றார்.

“ஆட்டக் காணோம்னு ஏரிப்பக்கம் போனோம்” என்றாள் அம்மா.

“கெடச்சுதா?”

“தூரத்துல பாத்தேன். நல்லாத்தான் இருக்குது.”

அப்பா தண்ணீர் இறைத்து, அந்தப் புடவையை அவரே அலசத் தொடங்கினார். எங்கள் வீட்டில் ஒரு ஆடுகூடக் கிடையாது. அது எப்படி இரண்டு பேருக்குமே மறந்துபோனது என்று, தலையில் ஒட்டிய அரிசியை எடுத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன்.