ராயக்கோட்டை மலைப் படம் போட்ட தட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். சீலண்ணாவின் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று அடுத்த பக்கத்தில் இதைத் தொடங்கியிருக்கிறேன்.

அன்று மாலை தெருமுனையில் அவருக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். நானே வாசித்தேன். எழுபது வயதில் ஒரு பேனரை யார் துணையும் இல்லாமல் வாசித்து முடித்த சந்தோஷத்தைத் துக்க வீட்டு வாசலில் மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'ஜெயசீலன், ஓய்வு பெற்ற டர்னர்' என்று இருந்தது. மேலே தேடினேன், கீழே தேடினேன். கிதார் என்ற சொல் எங்கும் இல்லை. எழுதக் கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. அவர்தான் யாரிடமும் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்துக்கு வரப்போகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் முடித்துவிடுவேன்.

நான் ஓசூரில் பழைய இரும்புக் கடையில் சாமான் பிரிக்கிற வேலையில் இருந்தேன். சீலண்ணா சனிக்கிழமை தோறும் வருவார். லேத் வேலைக்காரர், துண்டு இரும்பு தேடி வருகிறார் என்று நினைத்திருந்தேன். குவியலில் கிடக்கும் தகட்டை எடுத்து நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக்கொள்வார். ஒரு தடவை பித்தளை என்று நான் ஒதுக்கி வைத்ததைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "மாரப்பரே, இது முலாம் பூசின இரும்பு. கண்ணை நம்பாதீரும்வே, தட்டிப் பாரும்" என்றார். தெற்கத்திப் பேச்சு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. அதன் பிறகு எதையும் தட்டித்தான் பிரித்தேன்.

ஒருநாள் மொபெட்டில் இரண்டு நடையாக ஆறு பெட்டிகள் கொண்டுவந்து இறக்கினார். வீடு மாறுவதாகச் சொன்னார். "வேண்டாத சாமான்வே, பிரிச்சுப் போட்டிரும்" என்றார். அத்தனையும் ரெக்கார்டு தட்டு, எல்லாம் ஒரே மாதிரி. கடை வழக்கப்படி அட்டையைக் கிழித்து அட்டைக் குவியலில் போட்டேன், தட்டை உடைத்துப் பிளாஸ்டிக் குவியலில் போட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் ராயக்கோட்டை மலை போட்டிருந்தது. நான் பிறந்த ஊர் மலை. அதற்காக ஒன்றை மட்டும் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய், அட்டையின் மூலையில் ஆணி அடித்துச் சுவரில் மாட்டினேன்.

என் மனைவி நாகம்மா அதை முருகன் மலை என்று எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் வைத்தாள். சீலண்ணா எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சுவரைப் பார்த்த மாதிரிதான் உட்காருவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் வீட்டில் இருந்ததையெல்லாம் வாசித்தேன். காலண்டர், ரேஷன் கார்டு, எண்ணெய் பாக்கெட் எதையும் விடவில்லை. கடைசியில் சுவருக்கு வந்தேன். மலைக்குக் கீழே குங்குமத்துக்கு அடியில் எழுத்து இருப்பது தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன்.

"சாமி மலையப் போயி தொடைக்கிற, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று நாகம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"இரு, இதுல இன்னாவோ எழுதிக்கீது."

தமிழிலும் கன்னடத்திலும் இருந்தது. தமிழை வாசித்தேன். 'கிதார் இசை. வாசித்தவர் ஜெயசீலன்.' நான்கு தடவை வாசித்தேன். நாகம்மா கேட்டாள், "எந்த ஜெயசீலன்?" எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு ஜெயசீலனைத்தான் தெரியும்.

அப்போது அவருக்கு வாதம் வந்து இடது கை விழுந்திருந்தது. கட்டிலில் கிடந்தார். அட்டையை நீட்டி, "ண்ணா, இது நீங்களா?" என்றேன்.

"இப்பம்தான் வாசிச்சீராக்கும்?"

"எங்க வூட்டுச் செவுத்துல இருக்கறது தெரியுந்தானே? ஏன் சொல்லல?"

"ஒரு பயலும் வாங்காத ரெக்கார்டுவே. பாட்டு எங்கன்னு கேட்டுக் கடைக்காரனே திருப்பிக் குடுத்துட்டான். உம்ம வீட்டம்மா வாரா வாரம் பொட்டு வைக்கா. இதுக்கு இப்படி ஒரு மரியாதையான்னு பேசாம சாப்பிட்டுட்டு வருவேன்."

"மிச்சத்த எல்லாம் நான்தானே உடைச்சேன்."

"நான்தானே கொண்டாந்து போட்டேன். அழாதீரும், காபி ஆறுது."

ஸ்டெல்லா அப்பாவின் வாசிப்பை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கடை திருப்பிக் கொடுத்த வருஷமே அவர் கிதாரையும் கொடுத்துவிட்டாராம். எங்கே தேடினாலும் இனி மிச்சம் இந்த ஒரே தட்டுதான். அவர் இருக்கும்போதே அவரும் மகளும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அவர் வேண்டாம் என்றார். "தப்பு எல்லாம் கேக்கும்வே" என்றார். நான் விடவில்லை. பிளேயர் தேடி ஓசூர் முழுக்க அலைந்தேன், கிருஷ்ணகிரிக்குப் போனேன். வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்புக்காரர் பரணில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெட்டி இருந்தது, ஊசி இல்லை. "எலி தின்னுருக்கும், எடுத்துக்கினு போ" என்று மாம்பழப் பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்துக்கொடுத்தார். ஊசியைக் கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் பெங்களூரிலிருந்து வாங்கிவந்தார்.

சீலண்ணா கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். "அட்டைக்குப் பின்னால நான் நாலு வரி எழுதியிருக்கேன். அதைத் திக்காம வாசியும். பெறவு ஊசியை வையும்." என்னால் முடியாது என்று நினைத்தார் போலும். ஒரு மாதம் பழகினேன். வகுப்பில் டீச்சர் வேறு பாடம் நடத்தினாலும் நான் அதையே வாசித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் கட்டிலருகே நின்று வாசித்தேன். 'இது ஓசூரில் ஒரு கோயில் மண்டபத்தில் பதிவு செய்தது. நான் பகலில் லேத் ஓட்டுபவன். இந்த இசையில் பாட்டு இல்லை. கேட்பவர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் பாடிக்கொள்ளலாம்.' ஒரே இடத்தில் திக்கினேன். அவர் மன்னித்துவிட்டார்.

ஊசி வைத்தேன். முதலில் கரகரப்பு. பிறகு, தகட்டை நகத்தால் சுண்டுவாரே, அதே சத்தம் நூறு மடங்காக வந்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது இசையின் நடுவில் ஒரு சங்கு ஊதியது. சீலண்ணா சிரித்தார். "கேட்டீரா, கம்பெனிச் சங்கு, ரெண்டாம் ஷிப்டு. பதிவு பண்ணுனவன் வெட்டணும்னான். நான்தான் கெடக்கட்டும்னேன்." இரண்டு பக்கமும் கேட்டார். அவருடைய வலது கை போர்வை மேல் கூடவே வாசித்துக்கொண்டிருந்தது. முடிந்ததும், "மோசமில்லவே" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

தட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். "இருந்த எடத்துலயே மாட்டும். பொட்டு நிக்கப்புடாது" என்றார். இது நடந்தது போன மாசியில்.

இந்தத் தட்டும், எதையும் தட்டிப் பார்க்கிற பழக்கமும்தான் அவரிடமிருந்து எனக்கு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை தட்டையும் பிளேயரையும் ஜெபத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த நாலு வரியை நானே வாசிப்பேன். இந்தத் தடவை திக்க மாட்டேன். அதன் பிறகு நீங்கள் அனைவரும் சங்கு வரை கேட்க வேண்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஆணியிலிருந்து கழற்றப்போனேன். நாகம்மா, "இருய்யா" என்று குங்குமச் சிமிழோடு வந்தாள். மலை உச்சியில் வைத்தாள். கீழே அவர் பெயர்மேல் ஒரு தூள் விழுந்தது. குனிந்து வாயால் ஊதிவிட்டு, அட்டையை என்னிடம் கொடுத்தாள்.