பிலோமினா மேடமும் ஆறு கடை முட்டைகளும்

பிலோமினா மேடம் காலமாகிவிட்டார் என்று அவர் மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் சொன்னபோது, நான் விழுப்புரத்தில் பல் மருத்துவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பல்லாவது ஒன்றாவது என்று எழுந்து திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில், எங்களோடு வேலை பார்த்த ஒருவர், "கடை முட்டையில ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தாங்களே, பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, என் மேல்தான். மேடத்தை அறிந்த உங்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். முழுசாகத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில், விலங்கியல் துறையில் மேடமும் நானும் ஆசிரியர்கள். கருவில் வளரும் நரம்பிழை தன் வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது மேடத்தின் கேள்வி. இழையின் நுனியில் ஏற்பிப் புரதங்கள் உண்டு. சுற்றியுள்ள செல்கள் விடும் வேதிக் குறிப்புகளை அவை உணரும். சில குறிப்புகள் இழையை இழுக்கும், சில தள்ளும். "நம்ம ஊரு கோழிக்குஞ்சுக்கும் அதே நரம்புதானே சார்? மெட்ராஸ்லதான் பாக்கணுமா?" என்பார். ஏற்பியை அடைக்கும் மருந்தைப் பாதி முட்டைகளில் செலுத்தி, மீதியோடு ஒப்பிடுவது திட்டம்.

விழுப்புரத்துக் கோழிப்பண்ணையிலிருந்து கருவுற்ற முட்டை கொண்டுவருவது என் வேலை. ஒருநாள் விக்கிரவாண்டியில் பஸ் போட்ட பிரேக்கில் ஆறு முட்டை உடைந்தது. சொல்லக் கூச்சப்பட்டு, திண்டிவனம் பஸ் நிலையத்துக் கடையில் ஆறு வாங்கிக் கலந்துவிட்டேன். கடை முட்டையில் கரு ஏது? விலங்கியல் படித்த எனக்குத் தெரியாதா? புத்தி புல் மேயப் போயிருந்தது.

மருந்து போட்ட வரிசையில்தான் அந்தக் கடை முட்டைகள் அதிகம் சேர்ந்துவிட்டன. உடைத்துப் பார்த்தால் வெறும் மஞ்சள். ஏற்பியை அடைத்தால் கருவே வளராது என்று மேடம் முடிவெழுதினார். சென்னைக் கருத்தரங்கில் பேச அழைப்பும் வந்துவிட்டது. புறப்படும் காலையில்தான் உண்மையைச் சொன்னேன்.

"ஏன் சார், ஒடஞ்சிச்சுன்னா ஒடஞ்சிச்சுன்னு சொல்றதுக்கு என்னா?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லி நின்னுடலாம் மேடம்."

"அதுக்கு இன்னொரு பொய்யா? ஜல்தி கிளம்புங்க. நீங்களும் வர்றீங்க."

மேடையேறி, "எங்க முட்டையில கடை முட்டை கலந்துடுச்சுங்க. இந்த முடிவு செல்லாது. திரும்பச் செய்வோம்" என்றார். அரங்கம் சிரித்தது. யார் கலந்தது என்று ஒருவர் கேட்டார். "ஆராய்ச்சி என்னுதுங்க. நான்தான் பொறுப்பு" என்றார். மூன்றாம் வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரமே தொடங்கினார். முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரே பஸ்ஸில் வந்தார். கரண்ட் போய் அடைகாப்புப் பெட்டி குளிர்ந்து, எத்தனை தட்டு வீணானது! "தப்பா வந்தா தப்புன்னு எழுதணும். சரியா வர்ற வரைக்கும் பண்ணணும். வேற என்னா இருக்குது?" என்பார். இரண்டு வருஷம் போனது. ஒருநாள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார்: "சார், வந்து பாருங்க! கரு நல்லா வளந்திருக்குது, நரம்புக்குத்தான் வழி தெரியல!" மருந்து போட்ட கருவில், தண்டுவடத்தின் நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய இழைகள் திசை தப்பிக் கிடந்தன. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? முட்டைக் கதைதான் ஊர் சுற்றியது. நானும் வாய் திறக்கவில்லை. கோழை.

மேடத்தின் ஆய்வுக் குறிப்பேட்டை ஸ்டெல்லா என்னிடம் கொடுத்துவிட்டாள். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். நாங்கள் சென்னைக்குப் புறப்பட்ட நாளுக்குரிய பக்கத்தில், "ஆறு முட்டை, கடையில் வாங்கியவை" என்று எழுதியிருக்கிறார். யார் வாங்கியது என்று எழுதவில்லை. இன்று காலை அதற்குக் கீழே, "வாங்கியவன் ஏழுமலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.