எழுபத்தெட்டு என்று எழுதினேன்

இட்டுக்கட்ட எனக்கு அப்போது நேரம் கிடையாது. மூன்றாம் வருட நர்ஸிங், ஆறு வயது மகள், அடுப்படி. அதற்கு நடுவில் பேயை எங்கே போய் உண்டாக்கியிருப்பேன்? நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூடப் படித்தவர்களுக்கு அக்காவோ அத்தையோ நர்ஸாக இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கோ, அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதே நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஒரு டியூட்டி தவறினால் ஒரு வருடம் போச்சு.

நைட் டியூட்டி இருந்த அன்று பார்த்து மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. என் கையை விடவே இல்லை. பிரித்து எடுத்துக் கணவரிடம் விட்டேன்.

"மணிக்கொரு தடவை தொட்டுப் பாருங்க."

"நீ படிச்சுக் கிழிச்சது போதாதா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். இரவு இரண்டு மணிக்கு எல்லோருக்கும் பல்ஸ் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். ஐந்து பேருக்குப் பார்த்தேன். ஆறாம் கட்டில் பெரியவர் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எனக்குக் கண் செருகியது. தாளில் பத்து மணிக்கு எழுபத்தெட்டு என்று இருந்தது. அவரைத் தொடாமல் அதையே திரும்ப எழுதினேன். எல்லோரும் செய்வதுதான். பாவி, நானும் செய்தேன்.

2.20. மேசையில் தனியாக இருந்தேன்.

சர்க்... சர்க்...

செருப்பு தேயும் சத்தம். ஆறாம் கட்டில் பெரியவர் எதிரே வந்து நின்றார். கையை மேசைமேல் நீட்டினார்.

"பாக்காம எழுதிட்டியேம்மா."

வெட்கத்தில் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. வாட்சைப் பார்த்து எண்ணினேன்.

பத்து விநாடி... ஒன்றுமில்லை.

விரலை நகர்த்தினேன்.

முப்பது...

ஒன்றுமில்லை.

அறுபது.

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினேன். சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். தாடை விறைத்திருந்தது.

"பன்னெண்டு மணிக்கு முன்னாடியே போயிருக்கார்" என்றார் வந்து பார்த்த டாக்டர்.

ஹெட் நர்ஸ் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதினார்.

"வெளியில வாயைத் திறக்காத."

அந்த வேறு தாளால்தான் இன்று எனக்குப் பட்டம் இருக்கிறது. நினைத்தாலே வாய் கசக்கிறது. இத்தனை வருடம் இது ஊமை கண்ட கனவாகவே எனக்குள் கிடந்தது.

காலை 7.35. வீட்டைச் சாவி போட்டுத் திறந்தேன். கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மகள் முழித்திருந்தாள். காய்ச்சல் இல்லை.

"அப்பா தொட்டுப் பாத்தாரா?"

"இல்லம்மா. ஒரு தாத்தாதான் வந்தாரு. என் கையைப் புடிச்சு எண்ணினாரு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"உங்கம்மா ஏன் நம்ம ரெண்டு பேரையும் பாக்கலைன்னு."