பெரியப்பாவின் முடிச்சு

தன் மகளுடைய மஞ்சள் நீராட்டுக்குப் பெரியப்பா எங்களை நேரில் வந்து அழைக்கவில்லை. பத்திரிகையை யார் கையிலோ கொடுத்தனுப்பினார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்து கேட்டுப் பார்க்கட்டும். கூடப்பிறந்தவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த தெருவில் ஸ்பீக்கர் அலறியது. பிரியாணி வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. நான் பாயில் குப்புறப் படுத்து அழுதேன். பத்து வயதுதான், ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் கடற்கரையில் ஆள் இல்லை. கல் கொட்டிய தடுப்புக்குள் ஃபைபர் போட்டுகளை மிதக்கவிட்டு, கரைப் பாறையில் கயிறு கட்டியிருப்பார்கள். பெரியப்பாவின் முடிச்சில் தொங்கிய கயிற்று வாலைப் பிடித்து இழுத்தேன், அவிழ்ந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்டு கொஞ்சம் தள்ளிப் போகும், பெரியப்பா வேட்டியை மடித்துக்கொண்டு பின்னாலேயே நீந்துவார், ஊர் சிரிக்கும். என் திட்டம் அவ்வளவுதான். சாயங்காலம் காற்று ஏறி, போட்டைக் கல்லில் கொண்டுபோய் மோதியது. முன்பக்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

கயிறு அறுந்திருந்தால் காற்றின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். அது முழுசாகப் போட்டோடு கிடந்தது. அப்படியென்றால் யாரோ அவிழ்த்திருக்கிறார்கள். எல்லோர் பார்வையும் அப்பாவின் மேல் விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. அப்பா சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் எங்கள் குடும்பத்தைத் தள்ளி வைப்பார்கள். அப்பா கடலுக்குப் போக முடியாது, எங்களோடு யாரும் பேசக்கூடாது. அப்பா தயங்கவே இல்லை, அவருக்குத்தான் எதுவும் தெரியாதே. ஊர்த்தலைவரான நாட்டார் சத்தியத்தை எடுத்துக் கொடுத்தார்.

“ஒம் பொண்ணு தலைல கைய வெச்சி சொல்லு. எங்க வூட்டு ஆளுங்க யாரும் அந்தக் கயித்தத் தொடலன்னு சொல்லு.”

அப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் தலை வெடித்துவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வெடிக்கப்போவது என் தலை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கை என் உச்சியை நோக்கி வந்தது. முழங்கால் இரண்டும் கடகடவென்று ஆடின. எதிரே கையைக் கட்டிக்கொண்டு, கண் சிவந்து நின்ற பெரியப்பா என்னைப் பார்த்தார். முதலில் என் முகத்தை, பிறகு என் காலை.

“நிறுத்துடா,” என்றார். “கொழந்த தலைல கைய வெக்காத. முடிச்ச நாந்தான் சரியா போடல.”

வலை காலியாக வந்தது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், திசை தப்பியது என்றுகூடச் சொல்வார்கள். என் முடிச்சு அவிழ்ந்தது என்று ஊரைக் கூட்டி வைத்து எவனும் சொன்னதில்லை. நாட்டார் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார். பெரியப்பா அதையே இன்னும் உரக்கச் சொன்னார். கடைசியில் யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு அவரோடு கடலுக்குப் போக இளவட்டங்கள் யோசித்தார்கள். போனவர்களும் அவர் கட்டிய கயிற்றை அவர் கண்ணெதிரிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது. பெரியவரே சொல்லிவிட்டாரே! முடிச்சு முன்பே தளர்ந்துதான் இருந்திருக்க வேண்டும், நான் சும்மா தொட்டதோடு சரி என்று சத்தியமாக நம்பிவிட்டேன். ஒட்டுப்போட்ட போட்டை அவர் கட்டிக்கொண்டிருந்த ஒருநாள், தோழிகள் பின்னால் வர, நானும் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“இப்ப நல்லா கட்டக் கத்துக்கினீங்க, பெரியப்பா,” என்று மெச்சினேன்.

“ஆமாம்மா,” என்றார் அவர்.