சார்ஜன்ட் அடித்த மணி

நான் வாழ்க்கைப்பட்டுக் கடற்கரை ஊரான பள்ளிமுனைக்கு வந்த காலத்தில், பொலிஸ்காரரிடம் எங்களுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்புத்தான் இருந்தது: எங்கள் வீட்டுச் சந்துகளுக்குள், ஒழுங்கைக்குள் வராமல் இருந்தால் போதும். கோழி களவு போனால் பங்குச் சுவாமியிடம் போவோம். வலையை அறுத்துவிட்டான் என்று சண்டை வந்தால் கடற்கரையில் கூடிப் பேசித் தீர்ப்போம். பெண்களுக்குள் சண்டை என்றால் வாயாலேயே முடித்துவிடுவோம். அதில் எனக்கு ஊருக்குள் நல்ல பெயர். போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பொலிஸ் நிலையத்துப் படி ஏறினவனை இயக்கம் சந்தேகிக்கும், ஏறாதவனை ஆமி சந்தேகிக்கும். இரண்டு சந்தேகத்துக்கும் நடுவில் நாங்கள் மீன் பிடித்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தச் சார்ஜன்ட் மாற்றலாகி வந்தார். சிங்களவர். தெற்கே, மேற்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவர், எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர். அந்தப் பக்கத்துக் கரையோரச் சனத்தின் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை அவருக்கு எப்போதும் ஓர் அளவு பெரிதாகவே இருக்கும். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவார். எந்த வீட்டுக்கும் உள்ளே வரமாட்டார். வாசல் படலைக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை அடித்துவிட்டு, யாராவது வரும்வரை வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வேவு பார்க்கிறான்" என்று நான்தான் முதலில் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஒருநாள் எங்களோடு தங்கியிருந்த என் தம்பியைப் பாலத்துச் சென்ரியில், சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்து இறக்கி ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாட்களில் ஏற்றிக்கொண்டு போவதை விடக் கொடுமையானது, எங்கே கொண்டு போனார்கள் என்று தெரியாமல் இருப்பது. ஒரு முகாமில் கேட்டால் மற்ற முகாமைக் காட்டுவார்கள். மற்ற முகாமில் "அப்படி ஒருத்தரும் இல்லை" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் பல இருந்தன. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கும்போது படலையில் சைக்கிள் மணி கேட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்:

"அக்கா, தம்பி எங்கட ஸ்டேஷன்ல இருக்கு. நான் கண்ணால பாத்த. சோறு சாப்பிட்ட. நாளைக்கு நீங்க வாங்க, பாக்கலாம்."

அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பி சில நாளில் வீட்டுக்கு வந்தான். வராமலே போயிருந்தாலும் அந்த மனிதரை நான் மறந்திருக்கமாட்டேன். அவருடைய வேலை முறையே அதுதான் என்று பிறகு தெரிந்தது. யாரைப் பிடித்தாலும், பிடித்தது யாராக இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுப் படலைக்குப் போய், ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லச் சொல்லி மேலிடம் அவருக்குக் கட்டளை போட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. சொல்லிவிட்டால், பிறகு யாரும் "அப்படி ஒருத்தரும் இல்லை" என்று சொல்ல முடியாது. எத்தனை பிள்ளைகளை அந்த ஒரு வசனம் காப்பாற்றியதோ.

இனி அந்தப் பனிக் காலைக்கு வருகிறேன். தை மாதம். என் வயிற்றில் மூத்தவள் எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் கூடிவிட்டது, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என் கணவர் அரை மனத்தோடுதான் விடியற்காலையில் முகாமில் கடலுக்கு இறங்க பாஸ் வாங்கிக்கொண்டு போனார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. வள்ளங்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. எங்கள் கரையில் அப்படியொரு பனியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. கரையில் நின்றால் காலடித் தண்ணீரே தெரியவில்லை.

பனியில் திசை தெரியாமல் வள்ளம் தடுமாறுவது எங்கும் நடப்பதுதான். ஆனால் அந்தக் காலத்தில் கடலில் நேவிக்காரர் எல்லை போட்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பால் கண்ட வள்ளத்துக்கு முதலில் துப்பாக்கிச் சூடு, பிறகுதான் விசாரணை. பனிக்குள் எல்லை எங்கே, கரை எங்கே?

பனி இறங்கினால் கோயில் மணியை அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டிரண்டாக, விரைவாக அடிப்பார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வள்ளங்கள் கரைக்கு வந்துவிடும். ஆனால் பூசை நேரம் தவிர மணியடிக்கக் கூடாது என்று முகாமிலிருந்து உத்தரவு போட்டிருந்தார்கள். சுற்றிவளைப்பு வரும்போது மணியடித்து இயக்கப் பெடியளை உசார்ப்படுத்துகிறோமாம். மணியடிக்கிற அண்ணை ஒருமுறை பனிக்கு அடித்துவிட்டு, முகாமில் முதுகில் அடி வாங்கிக்கொண்டு வந்தவர். பங்குச் சுவாமியும் பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் போயிருந்தார்.

கோயில் முற்றத்தில் பெண்கள் கூடிவிட்டோம். "கயித்தைத் தாங்கோ, நான் இழுக்கிறன்" என்று அண்ணையோடு மல்லுக்கு நின்றேன்.

"பிள்ளை, வயித்தில பிள்ளையோட நிக்கிறாய். உனக்கு அடி விழுந்தால் நான் உன்ர மனுசனுக்கு என்ன சொல்லுறது?" என்று அவர் கயிற்றை விடவில்லை.

அப்போதுதான் சார்ஜன்ட் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார். நான் அவர் மேல் பாய்ந்தேன். "உங்கட ஆக்கள் போட்ட சட்டத்தால எங்கட மனுசர் சாகப்போகினம். இப்ப என்ன பாக்க வந்தனீங்கள்?"

அவர் கடல் இருந்த திசையைப் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் இல்லை. சந்தியில் இருந்த சென்ரிக்குப் போய்ச் சிங்களத்தில் பேசினார். அங்கே நின்ற சிப்பாய், முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் இல்லை, அவர் வராமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று கையை விரித்தான். சார்ஜன்ட் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். தொப்பியையும் கழற்றி அதற்கு மேல் வைத்தார். அண்ணையின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

"நான் அடிக்கிற. நீங்க ஒருத்தரும் கயிறு தொடவேணாம். கேட்டா, பொலிஸ் அடிச்ச எண்டு சொல்லுங்க."

இழுத்தார். ஒரு அடி. நாங்கள் அடுத்த அடிக்குக் காத்திருந்தோம். அது வர எவ்வளவோ நேரமாயிற்று. பிறகு ஒரு அடி. மறுபடி நீண்ட மௌனம். மறுபடி ஒன்று.

பக்கத்தில் நின்ற பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். "மாதாவே, இவர் சாவு மணியெல்லோ அடிக்கிறார்!" என்றார் அண்ணை. எங்கள் ஊரில் யாராவது கண்ணை மூடினால் அப்படித்தான் அடிப்பார்கள்: ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு. அந்த மணி கேட்டால் கடலில் நிற்பவர் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடவேண்டும். சாவு வீடு முடியும்வரை ஒரு வள்ளமும் இறங்காது.

ஒழுங்கைகளிலிருந்து சனம் ஓடிவந்தது. "ஆர் மோசம் போனது? ஆர் மோசம் போனது?" ஒரு கிழவி பாதி வழியிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள், யாருக்கு என்று தெரியாததால் பெயர் வரவேண்டிய இடத்தை விழுங்கி விழுங்கி அழுதாள். என்ன கோலம் என்று தலையில் அடித்துக்கொண்டு, மணியை மாற்றி அடிக்கச் சொல்ல அவரை நோக்கி நடந்தேன். அதற்குள் பனிக்குள்ளிருந்து மோட்டர்ச் சத்தம் கேட்டது.

முதல் வள்ளம். பிறகு இன்னொன்று. இறங்கினவர்கள் எல்லாரும் வலையைக் கூடப் பார்க்காமல் கோயிலுக்கு ஓடிவந்து, "ஆர்?" என்றே கேட்டார்கள். "ஒருத்தருமில்லை, போங்கோ" என்று பெண்கள் அழுதும் சிரித்தும் தங்கள் ஆட்களைக் கட்டிப் பிடித்தார்கள். எங்கள் வள்ளம் மட்டும் வரவில்லை.

முகாமிலிருந்து ஜீப் வந்தது. பெரியவர் இறங்கினார், இளம் ஆள். அவர் சிங்களத்தில் அதட்டினார். சார்ஜன்ட் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார், கையில் கயிறு இருந்தபடியே. பெரியவர் மறுபடி அதட்டினார். சார்ஜன்ட் தலையசைத்து என்னைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, மணியை இழுத்தார். இன்னும் ஒரு வள்ளம் வரவில்லை, அது இந்த அக்காவின் வள்ளம் என்று சொன்னாராம். சிங்களம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார். பெரியவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் சாய்ந்துகொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சார்ஜன்டின் சட்டை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. யாரையும் மாற்றிப் பிடிக்க விடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் என் வயிற்றுக்குள் பிள்ளை துடித்தது.

என் கணவர் வந்தார். வள்ளத்தைத் தோழனிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து, கட்டியிருந்த சாரம் காலில் சுற்ற விழுந்து எழும்பி ஓடிவந்தார். கரையில் யாரோடும் பேசவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பியவர் கோயில் வாசலில் நின்ற என்னைக் கண்டார். அப்படியே மணலில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

"மோட்டரை நிப்பாட்டிப்போட்டு எங்க நிக்கிறம் எண்டு தெரியாமல் மிதந்துகொண்டு இருந்தம். பனி கலையட்டும் எண்டு இருந்தனாங்கள். மணி கேட்டுது" என்றார். "நீ எண்டு நினைச்சன். நீயும் பிள்ளையும் எண்டு நினைச்சன்."

சார்ஜன்ட் கயிற்றை விட்டார். ஏன் இந்த மனிதர் அழுகிறார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"எங்கட ஊர்ல பனிக்கு இப்பிடித்தான் அடிக்கிற, அக்கா. தூரத்துக்குக் கேக்கும். எனக்குத் தெரியாது. மன்னிக்கோணும்."

அவருடைய உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. அந்தக் கைகளைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவரின் கையை நான் தொட்டது அன்றுதான்.

பெரியவர் ஜீப்பைக் காட்டினார். சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தைக் கையில் எடுத்தபடி போய்ப் பின்னால் ஏறினார். ஜீப்பைக் கண்டால் வேலி பாய்கிற சனம் நாங்கள். ஆனால் என் கணவர் மணலிலிருந்து எழும்பி, ஈரம் சொட்டச் சொட்டப் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அண்ணை போய் நின்றார். பிறகு நான். பிறகு எல்லாரும்.

"அவரை எங்க கொண்டு போறியள்?" என்று என் கணவர் கேட்டார்.

பெரியவருக்கு விளங்கவில்லை. வழக்கம்போலப் பின்னால் திரும்பிச் சார்ஜன்டைப் பார்த்தார். எங்கள் கேள்விகளையெல்லாம் அவருக்குச் சிங்களத்தில் சொல்கிறவர் அந்தச் சார்ஜன்ட்தான். இந்தக் கேள்வியையும் அவர்தான் சொல்லவேண்டியிருந்தது. தொடங்கினார், பாதியில் நிறுத்தினார், மறுபடி தொடங்கிச் சொன்னார். பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிறிய பதில் ஒன்று சொன்னார்.

சார்ஜன்ட் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டேஷனுக்குத்தான்" என்றார். "அங்கதான் இருப்பன். நாளைக்கு வாங்க, பாக்கலாம்."

அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் வழி விட்டோம்.