திரை செத்த கேமரா

பெரம்பலூரில் பழைய கேமரா விற்கும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். அரியலூர்ப் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர், ஒடிசலான பெண். ஒரு கண்ணைக் கேமராவில் வைத்தாலும் மற்ற கண்ணை மூடவே மாட்டார்.

மேஜையில் இரண்டு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன; மூலையிலுள்ள சிறு கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்து எடுக்கும் வகை. ஒன்றின் திரை பளிச்சென்றிருந்தது. இன்னொன்றின் திரை செத்துப்போயிருந்தது. அவர் திரை செத்த கேமராவை எடுத்துக்கொண்டார்.

“அதுல எடுத்த படத்த வூட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்லதாங்க பாக்கணும்,” என்றார் கடைக்காரர்.

“அதாங்க எனக்கு வேணும். தாலி கட்டுற படத்துல புருசன் இல்லாத பொம்பள நின்னா, ஸ்க்ரீனப் பாத்துட்டு டெலீட் பண்ணச் சொல்றாங்க. பெத்த அம்மாவா இருந்தாலும்தான். இனிமே எதப் பாத்துச் சொல்லுவாங்க? இந்தக் கேமரா ஜன்னல்ல பாத்தா ஃப்ரேமுக்கு வெளிய ஒதுங்கி நிக்கிறவங்களும் கண்ணுக்குத் தெரிவாங்க. உள்ள சேத்துருவேன்.”

“ஆல்பத்தப் பாத்துட்டு சண்டைக்கு வருவாங்களே?” என்றேன் நான்.

“வரட்டும் சார். அதுக்காக இன்னொரு தடவ தாலி கட்டவா போறாங்க?”

எனக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது. “தையில என் தம்பிக்குக் கல்யாணம். எங்களுக்கு அப்பா இல்லைங்க. நீங்க வர முடியுமா?”

அவர் தேதியைக் கேட்கவில்லை.

“அம்மா எந்தப் பக்கம் நிப்பாங்க?” என்றார்.